கடிதப் பெட்டியில் கிடக்கும் பணம்: சுவிஸில் எமது வீட்டுச் செலவுகள்

சிக்கனம் எம்மவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டிய பாடம் அல்ல. எண்பதுகளில் இந்த நாட்டுக்கு வந்து, உணவகக் குசினிகளில் கோப்பை கழுவி, ஓர் அறையில் நாலைந்து பேர் படுத்தெழும்பி, மிஞ்சியதை ஊருக்கு அனுப்பிய தலைமுறை எங்களுடையது. எந்தத் தமிழ்க் கடையில் 20 கிலோ அரிசி மூட்டை இரண்டு பிராங் மலிவு, எந்தக் கிழமை நெத்தலி வரும் என்பதெல்லாம் இன்றும் எங்களுக்கு மனப்பாடம். ஆனால் அதே வீடுகளில் குளிர்சாதனப் பெட்டியின் மேல் ஒரு கட்டுக் கடிதங்கள் கிடக்கும். ஜெர்மன் மொழியில் வந்தவை. "பிள்ளை பள்ளிக்கூடத்தால வந்து வாசிக்கட்டும்" என்று வைத்தவை. பிள்ளைக்குச் சோதனை, பிறகு விளையாட்டு, பிறகு மறந்துபோகும்.

அரிசியில் மிச்சம் பிடித்த இரண்டு பிராங்கை இந்தக் கட்டு நூறு மடங்காகத் திருப்பி எடுத்துக்கொள்கிறது. ஆகவே இந்தக் கட்டுரையில் சமையலறைக்குப் போகமுதல் கடிதக் கட்டிலிருந்து தொடங்குகிறோம்.

மருத்துவக் காப்புறுதி

வாடகைக்கு அடுத்தபடியாக எமது வீடுகளில் கூடுதல் பணம் போவது கிராங்கன்காஸவுக்குத்தான். நாடு முழுவதற்குமான சராசரிக் கட்டணம் 2024க்கு 8.7 வீதம், 2025க்கு 6 வீதம், 2026க்கு 4.4 வீதம் என்று ஏறியிருக்கிறது. சம்பளம் அப்படி ஏறியதாக யாரும் சொல்லக் கேட்கவில்லை.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. 1996இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி அடிப்படைக் காப்புறுதியின் சேவைகள் எல்லா நிறுவனங்களிலும் ஒன்றேதான். பெரிய பெயருள்ள நிறுவனத்தில் இருந்தால் நல்ல வைத்தியம், மலிவான நிறுவனத்தில் இருந்தால் மட்டமான வைத்தியம் என்று எம்மவரிடையே ஒரு நம்பிக்கை உண்டு. அது பிழை. கட்டணம் மட்டும்தான் வேறுபடுகிறது. அடிப்படைக் காப்புறுதிக்கு நீங்கள் விண்ணப்பித்தால் எந்த நிறுவனமும் வயதையோ நோயையோ காட்டி மறுக்க முடியாது. நீரிழிவு உள்ளவரும் மாறலாம், இருதய சத்திரசிகிச்சை செய்தவரும் மாறலாம்.

அடுத்த ஆண்டுக்கான கட்டணக் கடிதம் ஒக்ரோபர் முடிவதற்குள் வந்துவிடும். மாற விரும்பினால் பழைய நிறுவனத்துக்கு விலகல் கடிதம் நவம்பர் 30க்குள் போய்ச் சேர வேண்டும். கவனியுங்கள், போய்ச் சேர வேண்டும். எங்கள் வீட்டில் ஓர் ஆண்டு நவம்பர் 28ஆம் திகதி சாதாரண தபாலில் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தோம். இடையில் சனி, ஞாயிறு. கடிதம் டிசம்பர் 2ஆம் திகதி கிடைத்தது என்று பதில் வந்தது. நாலு பேர் உள்ள குடும்பம், இன்னுமோர் ஆண்டு முழுவதும் பழைய கட்டணம். அன்றிலிருந்து நவம்பர் நடுப்பகுதிக்குள் பதிவுத் தபாலில் அனுப்புகிறோம். சில பிராங் செலவழிக்கத் தயங்கிப் பல நூறு பிராங்கை விட்ட கதை எங்களுடையது.

எந்த நிறுவனத்தில் எவ்வளவு என்று பார்ப்பதற்குக் கூட்டாட்சி அரசே நடத்தும் பிரீம்இன்ஃபோ என்ற இணையப் பக்கம் இருக்கிறது. விளம்பரமும் தரகும் இல்லாதது. வசிக்கும் இடம், பிறந்த ஆண்டு, பிரான்சீஸ் தொகை மூன்றையும் கொடுத்தால் மலிவானதிலிருந்து வரிசையாகக் காட்டும். கட்டணப் பாக்கி வைத்திருப்பவர் மாற முடியாது என்பதால் பாக்கியை முதலில் தீர்க்க வேண்டும். பல்லு, கண்ணாடி, தனி அறை போன்றவற்றுக்கான மேலதிகக் காப்புறுதி வேறு சட்டத்தின் கீழ் வருவது. அதில் நிறுவனம் உடல்நிலையைக் கேட்கலாம், மறுக்கலாம். எனவே அடிப்படையை மட்டும் மாற்றிவிட்டு மேலதிகத்தைப் பழைய இடத்திலேயே வைத்திருக்கலாம். புதிய இடம் எழுத்தில் ஏற்றுக்கொள்ளும் முன் மேலதிகத்தை ஒருபோதும் நிறுத்த வேண்டாம்.

இனிப் பிரான்சீஸ். ஆண்டின் மருத்துவச் செலவில் முதலில் நாங்களே கட்ட வேண்டிய தொகை அது. வயது வந்தவருக்கு 300, 500, 1000, 1500, 2000, 2500 என்று ஆறு படி. அதற்கு மேல் வரும் செலவில் 10 வீதம் எங்களுடையது, ஆனால் ஆண்டுக்கு 700 பிராங் வரைதான். பிரான்சீஸைக் கூட்டினால் கட்டணம் குறையும். கூடுதலாக நாங்கள் தலையில் ஏற்கும் தொகையின் 70 வீதத்துக்கு மேல் கழிவு கொடுக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. 300இலிருந்து 2500க்குப் போனால் கூடுதல் சுமை 2200. ஆகவே கழிவு ஆண்டுக்கு 1540 பிராங் வரை கிடைக்கலாம்.

இதை வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். முழுக் கழிவு கிடைப்பவருக்கு, ஆண்டின் மருத்துவச் செலவு ஏறக்குறைய 2000 பிராங்குக்குக் கீழே நின்றால் 2500தான் இலாபம். அதற்கு மேலே போகுமென்று தெரிந்தால் 300தான் இலாபம். நடுவில் உள்ள படிகள் பெரும்பாலும் யாருக்கும் பொருந்துவதில்லை. ஆனால் எம்மவர் பலர் "நடுவிலே இருப்பது பாதுகாப்பு" என்று 1000ஐயோ 1500ஐயோ பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். 2500 எடுத்தவருக்கு எதிர்பாராமல் பெரிய வருத்தம் வந்து ஆஸ்பத்திரியில் படுத்தால் என்ன? அந்த ஆண்டு அவர் கட்டுவது 3200. 300 எடுத்தவர் கட்டுவது 1000. வித்தியாசம் 2200. கழிவாக வந்த 1540ஐக் கழித்தால் நட்டம் 660. அவ்வளவுதான். ஆனால் அந்த 3200 கையில் இருக்க வேண்டும். கையில் இல்லாதவர், மாதம் முழுக்க மருந்து எடுப்பவர், கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர் 300இலேயே இருப்பது புத்தி. கர்ப்பத்தின் 13ஆம் வாரத்திலிருந்து பிரசவத்துக்குப் பின் 8 வாரம் வரை பிரான்சீஸும் 10 வீதமும் அறவிடப்படுவதில்லை என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறோம். அப்படியும் பில் வந்தால் திருப்பிக் கேளுங்கள்.

இன்னும் மூன்று சின்ன விடயங்கள். கிழமைக்கு 8 மணித்தியாலத்துக்கு மேல் ஒரே முதலாளியிடம் வேலை செய்பவருக்கு வேலைக்கு வெளியே நடக்கும் விபத்துக்கும் வேலைத்தலமே காப்புறுதி கட்டுகிறது. அவர் கிராங்கன்காஸவில் விபத்துக்காகவும் கட்டிக்கொண்டிருந்தால் இரட்டைச் செலவு. ஒரு கடிதத்தோடு நீக்கலாம். வேலை போனால் மட்டும் மறக்காமல் திரும்பச் சேர்க்க வேண்டும். இரண்டாவது, மருந்து. மலிவான கெனெரிக்கா இருக்கும்போது மூல மருந்தையே வாங்கினால் 2024 ஜனவரியிலிருந்து எங்கள் பங்கு 10 அல்ல, 40 வீதம். மருந்தகத்தில் "கெனெரிக்கா இருக்கிறதா" என்ற ஒரு கேள்வி போதும். மூன்றாவது, முன்பின் தெரியாத தரகர்களின் தொலைபேசி. பழக்கமில்லாதவரை அழைத்துக் கிராங்கன்காஸ விற்பது 2024 செப்டம்பரிலிருந்து சட்டப்படி தடை. தமிழில் பேசினாலும் தடைதான்.

கட்டணச் சலுகை, விசாப் பயம்

குறைந்த வருமானமும் நடுத்தர வருமானமும் உள்ள குடும்பங்களுக்கு அரசு கட்டணத்தின் ஒரு பகுதியைத் தருகிறது. ஜெர்மனில் பிரேமியன்ஃபெர்பில்லிகுங் என்று கடிதத்தில் நீளமாக எழுதியிருக்கும். பிள்ளைகளின் கட்டணத்தில் குறைந்தது 80 வீதத்தையும், படித்துக்கொண்டிருக்கும் இளையோரின் கட்டணத்தில் குறைந்தது 50 வீதத்தையும் இத்தகைய குடும்பங்களுக்குக் குறைக்க வேண்டும் என்பது கூட்டாட்சிச் சட்டம். வருமான எல்லையை ஒவ்வொரு மாநிலமும் தானே வகுக்கிறது. நீங்கள் நினைப்பதைவிட எல்லை உயரமாக இருக்கலாம், குறிப்பாகப் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு.

எப்படிக் கிடைக்கும் என்பதும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. பேர்ண் மாநிலத்தில் பெரும்பாலானோருக்கு வரிக் கணக்கிலிருந்து தானாகவே கணக்கிடப்படும். ஆனால் சம்பளத்திலேயே வரி வெட்டப்படும் குவெல்லன்ஸ்ரொயர்காரர் அங்கேயும் தாங்களாக விண்ணப்பிக்க வேண்டும். ஆர்காவில் முந்திய ஆண்டு டிசம்பர் 31க்குள் விண்ணப்பிக்க வேண்டும். சென் காலனில் அந்த ஆண்டு மார்ச் 31. திகதி போனால் அந்த ஆண்டுக்கான பணமும் போய்விடும்.

விண்ணப்பிக்காமல் இருப்பதற்கு எம்மவர் சொல்லும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: "அரச காசு எடுத்தால் விசாவிலே அடிப்பாங்கள், பாஸ்போட் கிடையாது." சமூக உதவி எனப்படும் சோசியால்ஹில்ஃப வேறு. அது வதிவிட அனுமதியையும் குடியுரிமையையும் பாதிக்கக் கூடியது என்பது உண்மை. கட்டணச் சலுகை சமூக உதவி அல்ல. இந்த நாட்டில் இலட்சக்கணக்கான சுவிஸ் குடும்பங்களும் எடுக்கின்றன. மாறாக, சலுகையும் எடுக்காமல் கட்டணமும் கட்ட முடியாமல் பாக்கி விழுந்து, பெற்றைபுங் வந்தால் அதுதான் குடியுரிமை விண்ணப்பத்தில் குறுக்கே நிற்கும். பயந்த இடத்தில் ஆபத்து இல்லை, பயப்படாத இடத்தில் இருக்கிறது.

வாடகை

இது பலருக்குப் புதிதாக இருக்கும். சுவிஸ் வாடகைகள் ஒரு அடிப்படை வட்டி வீதத்தோடு கட்டப்பட்டிருக்கின்றன. ஜெர்மனில் றெஃபெறென்ஸ்சின்ஸ்சாற்ஸ். 2023 டிசம்பரில் இது 1.75 வீதத்துக்கு ஏறியபோது வீட்டுக்காரர் பலர் உடனே கடிதம் போட்டு வாடகையைக் கூட்டினார்கள். 2025 மார்ச்சில் 1.5க்கும், 2025 செப்டம்பரில் 1.25க்கும் இறங்கியது. இறங்கியபோது கடிதம் வந்ததா? பெரும்பாலும் வந்திராது. கூட்டும்போது வீட்டுக்காரர் எழுதுவார், குறைக்கும்போது குடியிருப்பவர் எழுத வேண்டும். முறை அப்படி.

0.25 இறங்கினால் 2.91 வீதம் குறைக்கக் கேட்கலாம். உங்கள் வாடகை 1.75 அடிப்படையில் நிற்கிறது என்றால் இரண்டு படிக்கும் சேர்த்து 5.66 வீதம். செலவுகள் நீங்கிய வாடகை 1600 பிராங் என்றால் மாதம் 90 பிராங்குக்குச் சற்று மேல், ஆண்டுக்கு ஆயிரத்தைத் தாண்டும். விலைவாசி ஏற்றத்தின் 40 வீதத்தையும் பராமரிப்புச் செலவு ஏற்றத்தையும் வீட்டுக்காரர் அதிலிருந்து கழிக்கலாம். கழித்தாலும் மிஞ்சுவது சின்னத் தொகை அல்ல.

வாடகை ஒப்பந்தத்தையோ கடைசியாக வந்த வாடகை மாற்றப் படிவத்தையோ எடுத்துப் பாருங்கள். எந்த வீதத்தில் வாடகை நிற்கிறது என்று அதில் எழுதியிருக்கும். இப்போதைய வீதத்தைவிட அது கூடுதலாக இருந்தால் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தவர் எல்லோரும் ஒப்பமிட்டுப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்ப வேண்டும். மாதிரிக் கடிதம் வாடகையாளர் சங்கமான மீற்றர்ஃபெர்பான்டின் இணையத்தில் இருக்கிறது, பிரெஞ்சு மாநிலங்களில் அதன் பெயர் அஸ்லோக்கா. வீட்டுக்காரர் 30 நாளில் பதில் சொல்ல வேண்டும். மறுத்தால் அல்லது பேசாமல் இருந்தால் அடுத்த 30 நாளுக்குள் உங்கள் பகுதியின் சமரசச் சபைக்குப் போகலாம். அதற்குக் கட்டணம் இல்லை, சட்டத்தரணியும் தேவையில்லை. குறைப்பு அடுத்த ஒப்பந்த முடிவுத் திகதியிலிருந்து நடைமுறைக்கு வரும். விலைச் சுட்டெண்ணோடு கட்டிய ஒப்பந்தங்களுக்கும் கூட்டுறவு வீடுகள் பலவற்றுக்கும் இந்த முறை பொருந்தாது.

"வீட்டுக்காரனோடு ஏன் சோலி, எழுப்பி விட்டிடுவான்" என்பார்கள். உரிமையைக் கேட்டதற்காகப் பழிவாங்கி எழுப்புவதை எதிர்த்து முறையிடச் சட்டம் இடம் தருகிறது. சமரசச் சபையில் வென்றவரையோ உடன்பாடு கண்டவரையோ அடுத்த மூன்று ஆண்டுக்கு எழுப்புவதற்கும் தடை இருக்கிறது. அயல் வீட்டு சுவிஸ்காரர் இந்தக் கடிதத்தை எழுதிவிட்டு அடுத்த நாள் அதே வீட்டுக்காரருக்குச் சிரித்து வணக்கம் சொல்கிறார். இங்கே அது சண்டை அல்ல, வழமை.

ஆண்டு முடிவில் வரும் நேபன்கொஸ்ரன் கணக்கையும் பாருங்கள். வெப்பமூட்டல், தண்ணீர், படி துடைப்பு என்று போட்டிருக்கும் தொகைகளுக்கு ஆதாரப் பற்றுச்சீட்டுகளைப் பார்க்கும் உரிமை குடியிருப்பவருக்கு உண்டு. வீட்டின் வெப்பத்தை ஒரு பாகை குறைத்தால் வெப்பமூட்டும் செலவில் ஏறக்குறைய 6 வீதம் குறையும். யன்னலைச் சாய்த்து நாள் முழுக்கத் திறந்து வைப்பதைவிட, கறி சமைத்து முடிந்ததும் எல்லா யன்னலையும் ஐந்து நிமிடம் அகலத் திறந்து மூடுவது நல்லது. மணமும் போகும், சுவரும் குளிராது, பூஞ்சணமும் பிடிக்காது.

கடையும் எல்லையும்

சமையலில் நாங்கள் சொல்லித்தர அதிகமில்லை. சோறும் பருப்பும் ஒரு கீரையும் சமைக்கும் வீட்டின் உணவுச் செலவு ஏற்கெனவே குறைவுதான். பணம் போவது வேறு இடங்களில்: பிள்ளைகளின் இனிப்புக் குடிபானம், போத்தல் தண்ணீர், ரெடிமேட் உணவு, வேலைத்தலத்து மத்தியானச் சாப்பாடு. குழாய்த் தண்ணீர் இந்த நாட்டில் போத்தல் தண்ணீருக்குக் குறைந்ததல்ல. போத்தல் தூக்கிப் படியேறும் வேலையும் மிச்சம்.

மிக்ரோவில் எம்-பட்ஜெட், கோப்பில் பிறி கரன்ரீ என்று மலிவு வரிசைகள் இருக்கின்றன. மா, சீனி, எண்ணெய், பால் போன்றவற்றில் இவற்றை எடுப்பதால் பிட்டின் சுவை மாறப்போவதில்லை. 2005இல் அல்டியும் 2009இல் லிடிலும் வந்தபின் விலைப் போட்டி கூடியிருக்கிறது. விலைத் துண்டில் கீழே சின்ன எழுத்தில் கிலோ விலை போட்டிருக்கும். பார்க்க வேண்டியது அதைத்தான், பெரிய பொதி எப்போதும் மலிவு என்றில்லை. பெரும்பாலான கடைகள் ஞாயிற்றுக்கிழமை பூட்டு என்பதால் சனி பின்னேரம் இறைச்சி, மீன், பாண் மீது 25 வீதம், 50 வீதம் என்று ஒட்டிவிடுவார்கள். அன்று வாங்கி, ஒரு நேரக் கறிக்கு அளவாகப் பிரித்து உறைய வைத்துவிட்டால் கிழமை முழுக்கப் போதும். வருமானம் மிகக் குறைந்தவர்களுக்குக் கரித்தாஸ் நடத்தும் கடைகளும், குல்தூர்லெகி அட்டையும் இருக்கின்றன. அந்த அட்டையோடு நீச்சல் தடாகம், நூலகம், விளையாட்டுக் கழகம் எனப் பல இடங்களில் கழிவு கிடைக்கும்.

பாசல்காரர் வைல் அம் றைனுக்கும், சூரிச், துர்காவ் பக்கத்தவர் கொன்ஸ்ரான்சுக்கும் போவது பழைய வழக்கம். 2025 ஜனவரி 1இலிருந்து வரியில்லாமல் கொண்டுவரக்கூடிய பொருளின் பெறுமதி ஒருவருக்கு ஒரு நாளைக்கு 300இலிருந்து 150 பிராங்காகக் குறைந்துவிட்டது. இது தெரியாமல் பழைய கணக்கில் காரை நிரப்பி வருபவர்கள் இருக்கிறார்கள். 150ஐத் தாண்டினால் முழுத் தொகைக்கும் சுவிஸ் பெறுமதி சேர் வரி உண்டு, உணவுக்கு 2.6 வீதம், மற்றவற்றுக்கு 8.1 வீதம். இறைச்சி வேறு கணக்கு. ஒருவருக்கு ஒரு கிலோதான். அதற்கு மேல் பத்துக் கிலோ வரை கிலோவுக்கு 17 பிராங் தீர்வை. கோழி வாங்கி மிச்சம் பிடித்த காசு எல்லையிலேயே போய்விடும், சொல்லாமல் கொண்டுவந்து பிடிபட்டால் தண்டமும் சேரும். மீனுக்கு அந்த ஒரு கிலோ எல்லை இல்லை. ஜெர்மனியில் ஒரே பற்றுச்சீட்டில் 50 யூரோவுக்கு மேல் வாங்கினால்தான் அந்நாட்டு வரியைத் திரும்பப் பெறலாம். பெற்றோல், நேரம், அங்கே போனதால் வாங்கிய தேவையில்லாத சாமான் மூன்றையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால், எல்லையிலிருந்து அரை மணிக்கு மேல் தள்ளி இருப்பவருக்கு இது சேமிப்பு அல்ல, உலாத்து. உலாத்துக்கென்று போனால் தவறில்லை.

பயணம், தொலைபேசி

ஹல்ப்ராக்ஸ் அட்டை ஏறக்குறைய 190 பிராங். ஆண்டுக்கு 380 பிராங்குக்கு மேல் முழு விலைப் பயணச்சீட்டு வாங்குபவருக்கு அது தன் விலையைத் தானே தந்துவிடும். பெற்றோருடன் போகும் 6 முதல் 16 வயதுப் பிள்ளைக்கு ஆண்டுக்கு 30 பிராங் யூனியர் அட்டை போதும். 2024இலிருந்து கெமைன்ட அலுவலகங்களில் ஒருநாள் பயண அட்டை ஒன்று விற்கிறார்கள். நேரத்துக்கு எடுத்தால் ஹல்ப்ராக்ஸ் உள்ளவருக்கு 39 பிராங்கிலிருந்து, நாடு முழுக்கப் போய்வரலாம். ஜெனீவாவில் கலியாணம், சூரிச்சிலிருந்து போக வேண்டும் என்றால் முதல் கேட்க வேண்டிய இடம் கெமைன்ட.

கைத்தொலைபேசி, இணையம் பற்றிச் சுருக்கமாக: ஒரே வலையமைப்பில் இயங்கும் மலிவுப் பெயர்கள் பல உண்டு, நவம்பர் கடைசியில் நல்ல விலை வரும். பழைய ஒப்பந்தத்தை நிறுத்தக் கடிதம் எழுதினாலே சில நிறுவனங்கள் விலையைக் குறைத்துப் பேச வரும். காகிதப் பில்லுக்கும் பலர் தனியாக அறவிடுகிறார்கள். வானொலி, தொலைக்காட்சிக்கான செறாஃப கட்டணம் வீட்டுக்கு ஆண்டுக்கு 335 பிராங். ஓய்வூதியத்தோடு எர்கென்சுங்ஸ்லைஸ்ருங்கன் எனப்படும் மேலதிகக் கொடுப்பனவு பெறும் முதியவர்கள் விண்ணப்பித்தால் இதிலிருந்து விலக்குப் பெறலாம். எமது பெற்றோர் பலர் இது தெரியாமல் கட்டிக்கொண்டே இருக்கிறார்கள்.

வரியும் ஊருக்கு அனுப்பும் பணமும்

பி அனுமதி உள்ளவரின் சம்பளத்தில் வரி நேரே வெட்டப்படுகிறது. 2021இலிருந்து இவர்களும் அடுத்த ஆண்டு மார்ச் 31க்குள் கேட்டால் சாதாரண வரிக் கணக்குக்கு மாறலாம், கழிவுகளைக் காட்டலாம். ஆனால் ஒருமுறை மாறினால் பின்பு ஒவ்வோர் ஆண்டும் படிவம் நிரப்ப வேண்டும். வரி கூடிய கெமைன்டவில் இருப்பவருக்கு இது நட்டமாகவும் முடியலாம். முதலில் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் தூண் 3ஏ சேமிப்பில் வேலைத்தல ஓய்வூதிய நிதியில் இருப்பவர் 2025இல் 7258 பிராங் வரை போட்டு வருமானத்திலிருந்து கழிக்கலாம். இதை வங்கியில் போடுங்கள் என்றுதான் நாங்கள் சொல்வோம். தெரிந்தவர், ஊரவர், சொந்தக்காரர் என்று வந்து 3ஏயை ஆயுள் காப்புறுதியாக விற்பவர்கள் எமது சமூகத்தில் குறைவில்லை. வேலை போய் இடையில் நிறுத்தினால் முதல் சில ஆண்டுகளில் கட்டியதன் பெரும் பகுதி திரும்பாது. வங்கியில் என்றால் இந்த ஆண்டு 500 போடலாம், அடுத்த ஆண்டு போடாமலும் விடலாம்.

ஊரில் உழைக்க முடியாத தாய் தகப்பனைத் தாங்குபவருக்கும் வரிக் கழிவு உண்டு. கழிவாகக் கேட்கும் தொகைக்குக் குறையாமல் அனுப்பியிருக்க வேண்டும், அவர்கள் தேவையில் இருப்பதற்கும் பணம் போனதற்கும் சான்று வேண்டும். உண்டியலில் அனுப்பிய பணத்துக்கு வரி அலுவலகத்தில் பேச்சே இல்லை. வங்கி அல்லது பதிவான அனுப்பீட்டு நிறுவனம், பெறுபவரின் சொந்தப் பெயர், ஒவ்வொரு பற்றுச்சீட்டும் ஒரு கோப்பில். அனுப்பும்போது "கட்டணம் இல்லை" என்ற விளம்பரத்தைப் பாராமல், இத்தனை பிராங் கொடுத்தால் யாழ்ப்பாணத்தில் எத்தனை ரூபா கையில் விழும் என்பதை மட்டும் ஒப்பிடுங்கள். இலாபத்தை நாணய மாற்றில்தான் எடுப்பார்கள்.

பிள்ளைப் பணம் 2025 ஜனவரியிலிருந்து மாதம் குறைந்தது 215 பிராங். 16 வயதுக்கு மேல் படிப்பைத் தொடரும் பிள்ளைக்கு 25 வயது வரை குறைந்தது 268. தொழிற்பயிற்சிக்குப் போகும் பிள்ளைக்கும் இது உண்டு. கேட்காமல் விட்டிருந்தால் ஐந்து ஆண்டு வரை பின்னோக்கிக் கேட்கலாம்.

கொண்டாட்டம், சீட்டு, கடன்

இதை எழுதாமல் விட்டால் மேலே எழுதியது எல்லாம் பாதிக் கதை. ஆண்டு முழுக்கச் சேமித்ததை ஒரு சனிக்கிழமை மண்டபத்தில் விடுவது எமது பழக்கம். சாமத்தியவீட்டுக்கு உலங்குவானூர்தியில் பிள்ளையை இறக்கும் காணொளிகளை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம், சிரித்திருக்கிறோம், பிறகு எங்கள் வீட்டு முறை வந்தபோது "ஆக்கள் என்ன சொல்லுவினம்" என்று மண்டபத்தைப் பெரிதாக்கியிருக்கிறோம். மொய் வரும் என்ற நம்பிக்கையில் செலவு செய்வது கணக்கு அல்ல. வந்த மொய் எல்லாம் திருப்பிக் கொடுக்க வேண்டிய கடன்தான்.

சீட்டு வங்கியைவிட வேகமாகப் பணம் தரும், வட்டி இல்லாததுபோல் தெரியும். அதற்கு எழுத்தில்லை. பிடித்தவர் தொலைபேசியை நிறுத்திவிட்டால் எங்கே போய் முறையிடுவது? இருபது முப்பது ஆண்டு நட்பும் சொந்தமும் இதனால் முறிந்த வீடுகளை நாங்கள் அறிவோம். சேர்வதென்றால் இழந்தாலும் வீட்டு வாடகை தடைப்படாத தொகையோடு சேருங்கள். கொண்டாட்டத்துக்காக வங்கிச் சிறுகடன் எடுத்தவர் மனம் மாறினால் ஒப்பந்தம் கைக்குக் கிடைத்து 14 நாளுக்குள் எழுத்தில் விலகலாம்.

கடன் முற்றிப் பெற்றைபுங் வந்துவிட்டால் கடிதத்தை உடைக்காமல் வைப்பதுதான் பெரிய நட்டம். கேட்கும் தொகை பிழை என்றால் 10 நாளுக்குள் றெஹ்ற்ஸ்ஃபோர்ஷ்லாக் என்று மறுப்புத் தெரிவிக்கலாம். காரணம் எழுதத் தேவையில்லை, செலவும் இல்லை. தாளைக் கொண்டுவரும் ஆளிடமே வாயால் சொன்னாலும் எழுதிக்கொள்வார். பதிவு வேறு ஆட்களுக்கு ஐந்து ஆண்டு வரை தெரியும், வீடு தேடும்போது முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான். கரித்தாஸும் மாநிலக் கடன் ஆலோசனை நிலையங்களும் இலவசமாக உதவுகின்றன. அங்கே போவதால் உங்கள் பெயர் எந்தப் பதிவிலும் ஏறாது.

கடைசியாக ஒரு விடயம், முதல் தலைமுறைக்கு. அந்தக் காலத்தில் உணவகம், துப்புரவு, ஆஸ்பத்திரி, தொழிற்சாலை என்று ஏழெட்டு இடம் மாறி வேலை செய்தோம். ஒவ்வோர் இடத்திலும் ஓய்வூதிய நிதிக்கு வெட்டியிருக்கலாம். வீடு மாறியபோது கடிதங்கள் பழைய முகவரிக்குப் போயிருக்கும், பணம் எங்கோ ஒரு கணக்கில் கிடக்கும். பேர்ணில் உள்ள சென்ரால்ஸ்ரெல்ல 2. சொய்ல என்ற மத்திய நிலையம் இதை இலவசமாகத் தேடித் தருகிறது. பெயர், பிறந்த திகதி, பழைய ஏஎச்ஃபௌ இலக்கம், முன்பு வேலை செய்த இடங்கள், அடையாள அட்டைப் பிரதி இவ்வளவுதான் வேண்டும். இலங்கைப் பெயர் முன்னுக்குப் பின்னாக எழுதப்பட்டிருக்கலாம் என்பதால் உங்கள் பெயரை எத்தனை விதமாக எழுதியிருப்பார்களோ அத்தனையையும் குறித்து அனுப்புங்கள். இறந்துபோன கணவர் அல்லது மனைவியின் பெயரிலும் வாரிசுகள் கேட்கலாம்.